புத்து இருந்த இடத்தில் முளைத்தது

என் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. மார் உயரம். அவன்தான் கட்டினான். பூசவில்லை, கல் தெரியும். அந்தப் பக்கம் அவன் இருமினால் எனக்குக் கேட்கும். இந்தப் பக்கம் நான் தட்டு வைத்தால் அவனுக்குக் கேட்கும். நாலு வருசமாக எங்களுக்குள் அவ்வளவுதான்.

சண்டை நிலத்துக்காக. கூட்டேரிப்பட்டுக்கு இந்தப் பக்கம் ரோட்டை ஒட்டி அப்பா விட்டுப்போன நிலம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுவோம். பிளாட் போடுகிறவர்கள் வந்து கேட்டார்கள். தம்பி வேண்டாம் என்றான். அப்போது என் பொண்டாட்டி படுத்த படுக்கை. வைத்தியத்துக்கு வேண்டும் என்று நான் கையெழுத்துப் போட்டேன். பத்திரம் ரெண்டு பேர் பேரிலும் இருந்தது. நான் போட்டதால் அவனும் போட்டான். போட்டுவிட்டு பேனாவை மூடி மேஜைமேல் வைத்தான். அதோடு பேச்சு நின்றது. பொண்டாட்டியும் பிழைக்கவில்லை. அவள் செத்த அன்றைக்குத் தம்பி வந்து பாடை தூக்கினான். பேசவில்லை.

அந்த நிலத்து மூலையில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் கரையான் புத்து, இடுப்பு உயரத்துக்கு. அப்பா அதை விட்டுச் சுற்றித்தான் ஏர் ஓட்டுவார். ஆடி கடைசியில் இடியோடு ரெண்டு மழை பெய்தால் புத்தைச் சுற்றி காளான் வரும். வருசா வருசம் அதே இடம், முன்னே பின்னே ஒரு வாரம். முதலில் பார்த்தவன் பக்கத்தில் ஒரு வேப்பங்கொத்தைக் குத்தி வைத்தால் வேறு யாரும் தொடமாட்டார்கள். எங்கள் ஊரில் அது சட்டம் மாதிரி. முக்கால்வாசி தம்பிதான் குத்துவான். அவனுக்கு அந்தக் காளான் என்றால் உயிர்.

என் பொண்டாட்டி அதைக் கையால் பிடுங்கமாட்டாள். களைக்கொத்து எடுத்துப்போய்த் தோண்டுவாள். புத்துக் காளானுக்கு வேர் உண்டு. தண்டு மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். சிலது முழங்கை நீளம்கூட போகும். அடியில் கரையான் கூட்டில் போய் முடியும். குடை நடுவில் கெட்டியாக ஒரு முனை இருக்கும், பம்பரத்து ஆணி மாதிரி. முனையும் வேரும் இருந்தால்தான் கூடையில் போடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. துன்றதோடு என் வேலை முடிந்தது.

நிலம் கைமாறின மாசமே ஜேசிபி வந்தது. புத்து ஒரு தள்ளில் போயிற்று. செம்மண் கொட்டி, கல் நட்டு, கலர் கொடி கட்டினார்கள். வேப்பமரத்தை மட்டும் நிழலுக்கு விட்டார்கள். மரத்தடியில் பூச்செடி வைக்கிறேன் என்று மாட்டெரு கொட்டினார்கள். செடி வரவில்லை, புல் வந்தது. பிளாட் வாங்கினவர்கள் யாரும் வீடு கட்டவில்லை. எல்லாம் கல்லாகவே நிற்கிறது.

நான் திண்டிவனத்தில் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறேன். காலையில் பஸ், சாயந்திரம் பஸ். ஒரே பொண்ணு. திருப்பூரில் கட்டிக் கொடுத்தேன். வாரத்துக்கு ஒரு போன். கமிட்டியில் நாலு பேரோடு பேசுவேன். வீட்டுக்கு வந்தால் வாய்க்கு வேலை சோறு துன்ன மட்டும்தான்.

போன வருசம் ஆவணி பிறக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின ரெண்டு நாளும் இடி, மழை. கமிட்டி லீவு. காலையில் சும்மா அந்தப் பக்கம் நடந்தேன். வேப்பமரத்தடியில் புல்லுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகக் குடை. பத்துப் பன்னிரண்டு இருக்கும். சிலது சோத்துத் தட்டு அகலம். எனக்கு முதலில் தோன்றியது தம்பி பேர்தான். கையில் வேப்பங்கொத்துகூட ஒடித்துவிட்டேன். அப்புறம்தான் யாருக்காகக் குத்துவது என்று அதைக் கீழே போட்டேன்.

கையாலேயே பிடுங்கினேன். சுலபமாக வந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அதே மரம், அதே மாசம், அதே இடி. மேலே எறும்பு மொய்த்தது. எறும்பு துன்றது நல்லதுதானே என்று வேறு நினைத்துக்கொண்டேன். குடைமேல் பழுப்பாகச் செதில் இருந்தது. தண்டில் வளையல் போட்ட மாதிரி ஒரு வளையம் இருந்தது. பார்த்தேன். பார்த்தும், மழையில் இப்படித்தான் ஆகும்போல என்று விட்டுவிட்டேன். நான் காளானைப் பார்க்கவில்லை. இடத்தைப் பார்த்தேன்.

பூண்டு, மிளகு, மஞ்சள் போட்டு வறுத்தேன். விசக் காளானாக இருந்தால் பூண்டும் மஞ்சளும் கறுத்துவிடும் என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். கறுக்கவில்லை. வாசனை நன்றாகவே வந்தது.

எவர்சில்வர் கிண்ணத்தில் முக்கால்வாசி அள்ளி சுவர்மேல் வைத்தேன். தம்பி பொண்டாட்டி அந்தப் பக்கம் துணி அலசிக்கொண்டு இருந்தாள். அவள் என்னோடு ஒன்று ரெண்டு பேசுவாள்.

"இன்னா மாமா அது?"

"காளான். அவனுக்குப் புடிக்கும்."

"புத்துக் காளானா? ஏது?"

"நம்ம எடத்துலதாம்மா. வேப்பமரத்தாண்ட."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "அங்கதான் புத்தே இல்லியே மாமா. இடிச்சித் தள்ளிட்டாங்களே."

"மேல இடிச்சாங்க. அடியில இருக்கறது எங்க போவும்?"

"நான் விரதம். அவருக்கு வெக்கிறேன்."

"வை."

உள்ளே தம்பி குரல் கேட்டது. "யாராண்ட பேசிக்கினு இருக்க?"

"உங்க அண்ணந்தான். காளான் குடுத்தாரு."

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அதுவே பெரிசு.

மணி ஒன்று இருக்கும். மீதிக் காளானையும் சோத்தையும் தட்டில் போட்டு சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம். சொம்பு வைக்கிற சத்தம். அவன் துன்றான். நன்றாக இருந்தால் அவன் சும்மா இருக்கமாட்டான். சின்ன வயசிலிருந்தே வாய்விட்டுச் சொல்லித்தான் பழக்கம். என்னிடம் சொல்லவேண்டாம், பொண்டாட்டியிடம் சொன்னால் போதும். சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். கேட்டுவிட்டு நானும் துன்னலாம் என்று தட்டின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தேன்.

அவன் கை கழுவினான். டிவி போட்டான். ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. பசியும் போயிற்று. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

மூணு மணிக்கு ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. முதலில் தம்பி பொண்டாட்டி என்று நினைத்தேன். எழுந்து சுவராண்டை போனேன். தம்பி வாசலில் ரெண்டு கையும் ஊன்றி வாந்தி எடுத்துக்கொண்டு இருந்தான். நிற்கவில்லை. வயிறு வேறு போய்க்கொண்டே இருந்தது. அரை மணியில் ஆள் துணி மாதிரி துவண்டான். கண் உள்ளே போய்விட்டது.

"இன்னா மாமா குடுத்தீங்க?" என்றாள் அவள். கத்தவில்லை. மெதுவாகக் கேட்டாள். கத்தியிருந்தால் தேவலை.

ஆம்புலன்ஸ் வந்தது. கூட வந்தவன் விவரமானவன். "இன்னா துன்னாரு?" என்றான். சொன்னேன். "மிச்சம் முளைச்சி இருக்குதா? சமைச்சது மட்டும் பத்தாது. அப்பிடியே முழுசா, அடிமண்ணோட எடுத்துக்கினு விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்கு ஜல்தி வாங்க. கவர்ல போடாதீங்க, அழுவிப்பூடும். துணியிலயோ பேப்பர்லயோ சுத்துங்க."

நானும் ஏறப் போனேன். "நீங்க அத எடுத்துக்கினு வாங்க" என்று சொல்லி அவளே கதவைச் சாத்தினாள்.

பொண்டாட்டியின் களைக்கொத்தைத் தேடி எடுத்தேன். பிடியில் கரையான் அரித்திருந்தது. பிளாட்டுக்கு ஓடினேன். ஓட முடியவில்லை, நடந்தேன். காலையில் விட்டது, புதுசாக முளைத்தது என்று இன்னும் நாலு காளான் இருந்தது. அவள் தோண்டுகிற மாதிரி ஒரு சாண் தள்ளிக் கொத்தினேன். ஒரே கொத்தில் காளான் புல்லோடு பெயர்ந்து வந்தது. அடியில் வெங்காயம் மாதிரி ஒரு குமிழ். அவ்வளவுதான். இன்னும் ஆழமாகக் கொத்தினேன். எரு, அதுக்குக் கீழே செம்மண், அதுக்குக் கீழே ஜல்லி. கரையான் ஒன்றுகூட இல்லை.

வேர் இல்லை.

குடையைத் திருப்பிப் பார்த்தேன். புதுசாக முளைத்ததில் அடி மடிப்பு வெள்ளை. நன்றாக விரிந்ததில் பச்சை. பாசி மாதிரி மங்கின பச்சை. காலையில் நான் ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

தோளில் இருந்த வெள்ளைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தான். "இன்னா பெருசு, காளானா? வூட்ல பிரியாணியா? எங்களக் கூப்புடமாட்டியா?"

"ஆஸ்பத்திரிக்குப்பா."

"ஆஸ்பத்திரியில எதுக்குக் காளான்?"

"என் தம்பி துன்னுட்டான்."

அவன் அப்புறம் என் பக்கம் வரவில்லை. விழுப்புரம் வருகிற வரைக்கும் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஆள்கூட எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டான்.

தம்பிக்கு ரெண்டு கையிலும் பாட்டில் ஏறிக்கொண்டு இருந்தது. டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. துண்டைப் பிரித்துப் பார்த்தது. குடை பட்ட இடத்தில் துண்டில் பச்சைத்தூள் படிந்திருந்தது. வட்டமாக, வரி வரியாக.

"எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்?"

"ஒன்னுங்க."

"வாந்தி?"

"மூணுங்க."

கொஞ்சம் மூச்சு விட்டது. "சீக்கிரம் வந்த வாந்தி. இந்தப் பச்சைத்தூள் ஜாதி பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. வாட்டி எடுக்கும். ஆனா சாப்பிட்டு ஆறு மணி, பத்து மணி நேரம் கழிச்சி வேலை காட்டறது இருக்கு. அதான் மோசம். வாந்தி நின்னு ஒரு நாள் தெளிஞ்ச மாதிரி இருப்பாங்க. உள்ள ஈரல் போயிக்கிட்டே இருக்கும். நீங்க பொறுக்கினதெல்லாம் இந்த ஒரே ஜாதிதானா?"

நான் யோசித்தேன். பத்துப் பன்னிரண்டு. பெரிசும் சின்னதும். எல்லாம் வெள்ளை. "தெரியலைங்க" என்றேன்.

"தெரியலைன்னா மூணு நாள் இருக்கணும். தினமும் ரத்தம் பாக்கணும்."

"பூண்டு போட்டேங்க. கறுக்கல."

"பூண்டு, வெள்ளிக்காசு, எறும்பு, எதுவும் சோதனை இல்லை. வேகவச்சாலும் விசம் போயிடும்னு நம்ப முடியாது." அப்புறம் என்னைப் பார்த்தது. "நீங்க சாப்பிடலையா?"

"இல்லைங்க."

"ஏன்?"

தம்பி பொண்டாட்டி கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள். என்ன சொல்லுவேன்? ஒரு வார்த்தை வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன் என்று ஆஸ்பத்திரியில் நாலு பேர் நடுவில் எப்படிச் சொல்லுவது?

மறுநாள் அவள் அண்ணன் வளவனூரிலிருந்து வந்தான். வார்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"இன்னா மாமா, நீங்களே பொறுக்குனீங்க, நீங்களே ஆக்குனீங்க. அவருக்கு மட்டும் கிண்ணம் நெறைய. உங்களுக்கு ஒரு வாய்கூட இல்லியா?"

"இருந்துச்சு. துன்னல."

"அதான் ஏன் துன்னலன்றேன்."

"துன்னல."

அவன் தங்கச்சி பக்கம் திரும்பினான். "கேட்டியாம்மா? சொத்துல ஆரம்பிச்சது சோத்துல வந்து நிக்குது. ஸ்டேசனுக்குப் போனா ஒரே நிமிசத்துல பேஜாராயிடும், தெரியுமில்ல?"

உள்ளே கட்டிலிலிருந்து தம்பி, "உடுய்யா" என்றான். வறண்ட தொண்டை. யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. மச்சானை விடச் சொன்னானா, என்னை வெளியே விடச் சொன்னானா. நான் வெளியே வந்துவிட்டேன்.

திருப்பூரிலிருந்து என் பொண்ணு போன் பண்ணியது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். எடுத்ததும் கேட்டது அதுதான். "நீ துன்னியாப்பா?"

"இல்லம்மா."

"நெசமா துன்னலியே?"

"துன்னல."

அழுதது. நல்லவேளை, நல்லவேளை என்று அழுதது. நான் துன்னாததுக்குச் சந்தோசப்பட்ட ஒரே ஆள் அதுதான்.

ரெண்டாம் நாள் வாந்தி நின்றது. எழுந்து உட்கார்ந்தான். கஞ்சி குடித்தான் என்று நர்சு சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு டாக்டர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நாள் தெளிஞ்ச மாதிரி இருப்பாங்க. அன்றைக்கு முழுக்க ஆஸ்பத்திரி காம்பவுண்டில் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் கண்ணு மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே போகமுடியவில்லை. அவள் டீ வாங்க வெளியே வந்தபோது மட்டும் கேட்டேன்.

"கண்ணு எப்பிடிம்மா இருக்குது?"

"வெள்ளையாத்தான் இருக்குது மாமா." டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரெண்டு அடி போய்த் திரும்பி, "நீங்க எதனா துன்னீங்களா?" என்றாள். கேட்டுவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூணாம் நாள் ரத்தத்தில் ஒன்றும் இல்லை, ஈரல் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் ஆட்டோவில் வந்தார்கள். நான் பஸ்ஸில் வந்தேன். என் தட்டு சுவர் ஓரமாக அப்படியே இருந்தது, மேலே கவிழ்த்த தட்டோடு. திறந்தால் நாற்றம். குழி வெட்டிப் புதைத்தேன். கோழி கிளறாமல் இருக்க மேலே கல் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கிண்ணம் சுவர்மேல் இருந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தாள். எங்கள் பக்கம் கிண்ணத்தைச் சும்மா திருப்பித் தரமாட்டார்கள். ஒரு கை மல்லாட்டை போடுவார்கள். இல்லாதவர்கள் ரெண்டு கல் உப்பாவது போடுவார்கள். உள்ளே பார்த்தேன். ஒன்றும் இல்லை. எடுத்துக்கொண்டுபோய்ப் பரணில் கவிழ்த்து வைத்தேன்.

துண்டைச் சோடா போட்டுத் துவைத்தேன். கறை மங்கியது, போகவில்லை.

ஊரில் யாரும் நேராகக் கேட்கவில்லை. ஆனால் டீக்கடையில் நான் போனால் பேச்சு மாறும். கல்யாண வீட்டில் என்னைப் பந்தி பரிமாறக் கூப்பிடுவார்கள், தாராளமான கை என்று. அதுவும் நின்றது. கமிட்டியில் ஒருத்தன் என் தூக்குச்சட்டியைக் காட்டி, "இன்னாண்ணே, இன்னிக்கிக் காளானா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

இந்த வருசம் மழை கொஞ்சம் முந்திக்கொண்டது. இடி கேட்ட மறுநாள் காலையில் களைக்கொத்தோடு பிளாட்டுக்குப் போனேன். இருந்தது. அதே புல், அதே வெள்ளைக் குடை. கொத்திப் பெயர்த்து, காலால் நசுக்கி, குழியில் தள்ளி மூடினேன். மறுநாளும் வந்தது. அதுக்கு மறுநாளும். தினம் கமிட்டி பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கொத்திவிட்டு வருவேன். இடம் தெரிந்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் என்னை மாதிரி இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

அஞ்சாவது நாளோ ஆறாவது நாளோ, ரோட்டில் ஒரு வண்டி நின்றது. தம்பி. பின்னால் பால் கேன். வண்டியை ஆஃப் பண்ணாமல் காலை ஊன்றிக்கொண்டு பார்த்தான். நான் பாட்டுக்குக் கொத்திக்கொண்டு இருந்தேன். அப்புறம் வண்டியை ஆஃப் பண்ணின சத்தம் கேட்டது. கல்லைத் தாண்டி வந்தான்.

"அதுவா?" என்றான்.

"அதான்."

குனிந்து ஒன்றைக் குச்சியால் திருப்பினான். அடியில் பச்சை. அந்த இடத்தை, மரத்தை, நட்ட கல்லை எல்லாம் பார்த்தான். அந்தப் பிளாட்டுக்குள் அவன் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"வேரு இல்ல" என்றேன்.

"ம்."

நான் மறுபடி கொத்த ஆரம்பித்தேன். அவன் போகவில்லை.

"அன்னிக்கி நீ ஏன் துன்னல?"

எல்லோரும் கேட்டதுதான். ஆனால் அவன் கேட்ட விதம் வேற. தெரிந்துகொள்ளக் கேட்டான்.

களைக்கொத்தைக் கீழே வைத்தேன். "தட்டுல போட்டு வெச்சிக்கினுதான் இருந்தேன். நீ நல்லா இருக்குதுன்னு சொல்லுவன்னு பாத்தேன். சொன்னதும் துன்னலாம்னு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த குச்சியை ரெண்டாக ஒடித்தான். போட்டான். வண்டிக்குப் போனான். ஏறி உட்கார்ந்து, பால் கேன் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டே, பின்னால் திரும்பாமல் சொன்னான்.

"உப்பு கம்மி."

வண்டி ரோட்டில் ஏறித் திண்டிவனம் பக்கம் போயிற்று. இன்னும் மூணு காளான் இருந்தது. கொத்தி மூடிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.